கழிப்பறைச் சாவி குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், சம்பந்தி அம்மாளும், மூட்டுவலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தங்கள் அண்ணனும், புதிதாகக் கன்று போட்ட பசுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "முதல் வரியிலயே பொய்யா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆகவே எங்கள் சௌக்கியத்தை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் மகள், அதாவது எங்கள் மருமகள், போன வாரம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து இறங்கியிருப்பாள். மாசமாயிருக்கிற பெண் தனியாகப் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றால் பெற்றவர்கள் வயிறு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "மாமனார் வீட்டில் கழிப்பறை இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க மட்டும்தான் அனுமதி, அதைத் திறந்து புழக்கத்துக்கு விட்டால்தான் திரும்பிப் போவேன்" என்று அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு எழுத்துக்கூட நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் என் தரப்பு நியாயம் என்று ஒன்று கிடக்கிறதே, அதை எடுத்துச் சொல்ல இந்த வீட்டில் எனக்கு வாய்ப்பே தருவதில்லை. தாங்கள் பொறுமைசாலி. கல்யாணப் பந்தலில் என் மனைவி பேசியதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டவர். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எல்லாம் எங்கள் ஊர் நர்ஸம்மா நடத்திய சுகாதார வகுப்பில் தொடங்கியது. நல்ல பெண்மணி, குறை சொல்ல முடியாது. ஆனால் கிருமி எப்படிப் பரவுகிறது என்று விளக்குவதற்கு, கூட்டத்தில் இத்தனை பேர் இருக்க, என்னைத்தான் கூப்பிட்டாள். துணிக்குப் போடுகிற நீலப்பொடியை என் கையில் கொஞ்சம் தடவி, "ஐயா, வழக்கம்போல எல்லாரையும் விசாரிச்சுட்டு வந்து உட்காருங்க" என்றாள். நான் இயல்பிலேயே பாசக்காரன். நாலு பேர் முதுகில் தட்டினேன், ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினேன், பிஸ்கட் தட்டை எடுத்து நானே எல்லாருக்கும் நீட்டினேன், தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து மூடினேன். வகுப்பு முடியும்போது பார்த்தால் எதிர்வீட்டுத் தையல்காரரின் காலரில் நீலம், குழந்தையின் கன்னத்தில் நீலம், பானையின் வாயில் நீலம், என் மனைவியின் மூக்கு நுனியில்கூட நீலம். "பாத்தீங்களா, கை கழுவலைன்னா கிருமி இப்படித்தான் பரவும்" என்று நர்ஸம்மா முடித்தாள். ஊர் ஜனங்கள் அதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். கிருமி என்னிடமிருந்துதான் கிளம்புகிறது என்று புரிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து தெருவில் யாருக்கு வயிற்றைக் கலக்கினாலும் முதலில் என் வீட்டுப் பக்கம்தான் ஒரு பார்வை பார்க்கிறார்கள். தையல்காரர் இன்றுவரை என் முதுகுக்கு அளவெடுக்கக் குச்சியைத்தான் நீட்டுகிறார்.

என் மனைவி அந்த வகுப்பிலிருந்து வேறு ஆளாகத் திரும்பி வந்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்று சட்டம் போட்டாள். நானும் சரி என்றேன். பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்குவாள். பிறகு, "இவ்வளவு சூட்டை எப்படிக் குடிக்கிறது" என்று அதில் குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றி விளாவி எல்லாருக்கும் கொடுப்பாள். தங்கள் மகள்தான் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, வெளிய போன கிருமியை நீங்களே கூப்பிட்டு உள்ள விடறீங்களே" என்றாள். என் மனைவி யோசித்துப் பார்த்து, அதற்கப்புறம் ஊற்றும் குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்ட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அறிவு ஒருநாளும் முழுதாக நுழைவதில்லை, சம்பந்தி. வாசற்படியில் பாதியை விட்டுவிட்டுத்தான் உள்ளே வரும்.

அந்த வகுப்பில்தான் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டவேண்டும் என்று முடிவானது. நாங்களும் கொல்லைப்புறத்தில் கட்டினோம். தாங்கள் பார்க்கவில்லை, பார்த்தால் கண்ணை எடுக்கமாட்டீர்கள். பால் மாதிரி வெள்ளை ஓடு, பச்சை வர்ணம் அடித்த கதவு, உள்ளே ஒரு விளக்கு, முகம் பார்க்கக் கண்ணாடி. கொத்தனாரே வேலை முடிந்த அன்று கிளம்ப மனசில்லாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார். எங்கள் படுக்கையறையில் இன்னும் மழைக்கு ஒழுகுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே நல்ல அறை அந்தக் கழிப்பறைதான்.

இங்கேதான் என் தொழிலைத் தாங்கள் நினைவில் வைக்கவேண்டும். நான் வாழ்நாள் முழுக்கக் கிடங்கு காத்தவன். மூட்டை வந்தால் வந்த மாதிரியே இருக்கவேண்டும், கட்டுப் பிரியக்கூடாது, முத்திரை உடையக்கூடாது, மேலதிகாரி வந்து பார்த்து, "பிரமாதம், தொட்ட மாதிரியே தெரியலையே" என்று சொல்லவேண்டும். அதுதான் எனக்குத் தெரிந்த பெருமை. நர்ஸம்மா என்ன சொன்னாள்? "கழிப்பறையை எப்பவும் சுத்தமா வெச்சுக்கணும்" என்றாள். நான் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு கழிப்பறையை எப்பவும் சுத்தமாக வைத்துக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. யாரையும் உள்ளே விடக்கூடாது. தாங்களே சொல்லுங்கள், இதில் என்ன பிழை?

போதாததற்குச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து தெருத் தெருவாகப் பார்ப்பார், நன்றாகப் பராமரிக்கும் வீட்டுக் கழிப்பறைக் கதவில் 'முன்மாதிரிக் கழிப்பறை' என்று பலகை அடித்துவிட்டுப் போவார் என்றும் ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான், எதிர்வீட்டுத் தையல்காரர் தன் கழிப்பறை ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்து மாட்டினார். நான் விடுவேனா? கடைத்தெருவில் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிவந்து பூட்டினேன். சோப்பை உறை பிரிக்காமல் அதன் பெட்டியில் நேராக வைத்தேன். ஓட்டில் தண்ணீர்க் கறை விழும் என்று தொட்டியில் தண்ணீர் நிரப்பவில்லை. பீங்கானில் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டைக்கூட நான் கிழிக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் என் மனைவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, விளக்கைப் போட்டுக் காட்டுவாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலோடு நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படியானால் நாங்கள் எங்கே போனோம் என்று தாங்கள் கேட்கலாம். எப்போதும் போகிற இடத்துக்குத்தான் போனோம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள புதருக்கு. விடிவதற்கு முன்னால் தண்ணீர் டப்பாவைத் துண்டில் மறைத்துக்கொண்டு கிளம்பினால் வழியில் தையல்காரர் வருவார். அவர் கையிலும் துண்டு. "என்ன, காலாற நடந்துட்டு வரீங்களா?" என்பார். "ஆமாம், உடம்புக்கு நல்லதாச்சே" என்பேன். பிறகு ஆளுக்கொரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவரவர் வீட்டுக் கழிப்பறை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சத்தமாகப் பேசிக்கொள்வோம். கோழி வளர்க்கும் அம்மாளும் அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க வீட்டுதுல ஈ மொய்ச்சு நான் பாத்ததே இல்ல" என்று குரல் கொடுப்பார். தெருவே அங்கேதான் இருக்கும். எங்கள் ஊரில் ஒற்றுமைக்கு மட்டும் குறைவே கிடையாது.

தங்கள் மகளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "மாமா, கட்டினது எதுக்கு?" என்று தினமும் கேட்பாள். அடக்கி வைக்கக்கூடாது, அது தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் என்று நர்ஸம்மா சொன்னதை எடுத்துச் சொல்வாள். நானும் இரக்கமில்லாதவன் அல்ல. "ஆய்வாளர் இந்த வாரம் வந்துடுவார்மா, வந்து பாத்துட்டுப் போனதும் உனக்குத்தான் முதல் உரிமை" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஆய்வாளர் எந்த வாரமும் வரவில்லை. ஒருநாள் அவள் வந்து சாவி வேண்டும் என்று கையை நீட்டினாள். கிடங்கில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "என்ன காரணத்துக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே புதருக்குக் கிளம்பினாள். வாய்க்கால் மேட்டில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் படவில்லை, நர்ஸம்மா ஓடிவந்து பார்த்து, தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். மருமகள் வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவிக்கொண்டு, பையில் துணியை அடுக்கிக்கொண்டே, "மாமா, பிள்ளை பொறந்தா அதையும் உறை பிரிக்காமதான் வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள். என் மகன், பால் வண்டி ஓட்டி ஓட்டி வளைவில் எல்லாம் மெதுவாகப் போகப் பழகியவன், இந்த வளைவில் வண்டியையே நிறுத்திவிட்டான். ஒரு வார்த்தை பேசாமல் அவளைப் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தான். என்னோடும் பேசுவதில்லை.

அவள் போனதற்கு மறுநாள், அந்த மறுநாள்தான் கிடைத்தது அந்த மனுஷனுக்கு, ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முந்தின ஊரில் அவருக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்த்து, காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார். கடமையில் இவ்வளவு துடிப்பான அதிகாரியை நான் பார்த்ததே இல்லை என்று அப்போது நினைத்தேன். "கழிப்பறை எங்க?" என்றுதான் முதல் கேள்வியே கேட்டார். என் மனைவி பூட்டைத் திறந்தாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. வெள்ளை ஓடுகளைக் காட்டினேன், கண்ணாடியைக் காட்டினேன், சோப்பைக் காட்டினேன். "நல்லது, ரொம்ப நல்லது, கொஞ்சம் எல்லாரும் வெளிய இருங்க" என்றார். ஆய்வு போலிருக்கிறது என்று நாங்கள் இன்னும் நெருங்கி நின்றோம். அப்போதுதான் அவர் என் காதருகே வந்து, "ஐயா, நான் இதை உபயோகிக்கணும்" என்றார். சொன்னது என் காதில், ஆனால் கேட்டது என் மனைவிக்கு. "அதெப்படிங்க? இது நீங்க பாக்கறதுக்காக வெச்சிருக்கோம்" என்று குறுக்கே நின்று கதவைச் சாத்தினாள். பலகை கொடுக்க வந்த அதிகாரியே நாங்கள் அதை இழப்பதற்குக் காரணமாகக்கூடாது என்பது அவள் வாதம். எனக்கும் அதில் கொஞ்சம் நியாயம் தெரிந்தது.

அவர் வாதாடும் நிலையில் இல்லை. எதிர்வீட்டுக்கு ஓடினார். தையல்காரர் கதவைத் திறக்கமாட்டேன் என்று திரைக்கு முன்னால் நின்றார். ஆய்வாளர் அவரை ஒதுக்கிவிட்டுத் திறந்தால், உள்ளேயிருந்து துணி மூட்டை சரிந்து அவர் மேலேயே விழுந்தது. தைக்க வாங்கி வருஷக்கணக்காகத் திருப்பித் தராத துணியெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறது. கூட்டத்தில் நின்ற பெண்கள், "அது என் ஜாக்கெட்" "இது என் பாவாடை" என்று பாய்ந்து எடுக்க, அவர் துணிக்குள்ளிருந்து நீந்தி வெளியே வந்து கோழி அம்மாள் வீட்டுக்கு ஓடினார். அங்கே பீங்கானுக்குள் வைக்கோல் பரப்பி ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது இடத்தைக் காலி செய்யச் சம்மதிக்கவில்லை. அவர் மூக்கில் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு திரும்பி எங்கள் வாசலுக்கே வந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. என் மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, உங்களுக்குப் பலகை வேணுமா, நான் உயிரோட வேணுமா?" என்று கேட்டார். என் மனைவி உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தாள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சம்பந்தி, அப்போது எனக்கு அவர் முகம் தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிய தங்கள் மகளின் முகம்தான் தெரிந்தது. அவளும் இப்படித்தானே நின்றிருப்பாள், அவளிடம் போய்த்தானே நான் காரணம் கேட்டேன். என் மனைவியின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்து, "போங்க சார்" என்றேன். அவர் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மற்ற சத்தங்களைப் பற்றி எழுதுவது மரியாதையல்ல. ஆனால் கடைசியில் சோப்பு உறை கிழிகிற சத்தம் கேட்டது பாருங்கள், என் மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் தொட்டியில் தண்ணீர் இல்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. உள்ளேயிருந்து, "தண்ணி" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. தெருவே குழாயடியிலிருந்து எங்கள் கொல்லைவரை வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றியது. தையல்காரரும் நின்றார். வெளியே வந்த ஆய்வாளர், அப்போதுதான் பிறந்தவர் மாதிரி முகம் தெளிந்து, தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தெருவுலயே ஒரு ஆளாவது உபயோகிச்ச கழிப்பறை இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பலகையை எடுத்து எங்கள் கதவில் தானே ஆணி அடித்துவிட்டுப் போனார். உபயோகித்த ஆள் அவர்தான் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பலகை வந்ததும் என் மனசு முழுக்க மாறிவிட்டது. மறுநாள் நானே உள்ளே போனேன். கம்பெனிச் சீட்டை என் கையாலேயே கிழித்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, என் மேல் ஒரு சொட்டு விழவில்லை. பாம்பு பயம் இல்லை, முள் இல்லை, பக்கத்துப் புதரிலிருந்து யாரும் பேச்சுக் கொடுக்கவும் இல்லை. இந்தச் சுகத்தைக் கட்டிவைத்துக்கொண்டு, வயிற்றுப் பிள்ளைக்காரியை வாய்க்கால் மேட்டுக்கு அனுப்பினோமே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தேன், நர்ஸம்மா சொன்ன முறைப்படி. இப்போது பூட்டைக் கழற்றிவிட்டோம். சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் என் மனைவி ஆறும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கிறாள். மருமகள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான், வாய்க்குப் போகமாட்டேன் என்கிறது. ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, தங்கள் மகளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பிவைக்கவேண்டும். யாரும் இனி அவளிடம் காரணம் கேட்கமாட்டார்கள். இது சத்தியம்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், தங்கள் அண்ணனின் மூட்டுக்கு எங்கள் அனுதாபமும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு இப்போதே எங்கள் முத்தமும் உரித்தாகட்டும்.

இப்படிக்கு,
பூட்டு இல்லாத வீட்டிலிருந்து
தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் சமயத்தில் நர்ஸம்மா வந்து ஒரு செய்தி சொன்னாள். நம்முடையது முன்மாதிரி ஆகிவிட்டதால், சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் கூட்டம் கூட்டமாக அதைப் பார்க்க வரப்போகிறார்களாம். என் மனைவி ஓடுகளையெல்லாம் தேய்த்துத் துடைத்து, புதுச் சோப்பை உறையோடு வைத்துவிட்டாள். பூட்டை நான்தான் மாட்டினேன். பழக்க தோஷம், மாட்டிய பிறகுதான் தெரிந்தது. கதவை அடிக்கடி திறந்து மூடினால் பலகை ஆட்டம் காணும் என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். ஆகையால் மருமகளை இப்போது அனுப்பவேண்டாம். அவள் அங்கேயே சௌகரியமாக இருக்கட்டும். என் மகன் காலையிலேயே பால் வண்டியோடு அங்கே கிளம்பிவிட்டான். புதர்ப் பக்கமும் போக முடியவில்லை, வாய்க்கால் நிரம்பிவிட்டது. எனவே நானும் என் மனைவியும் சாயங்கால பஸ்ஸில் தங்கள் வீட்டுக்குப் புறப்பட்டு வருகிறோம், இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவந்து தருகிறேன். தங்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவு கீச்சிடும், தாழ்ப்பாள் சரியாக விழாது, ஓடு எல்லாம் கறை என்று கல்யாணத்தின்போது என் மனைவி குறை சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டாம். அந்தக் கழிப்பறைக்கும் யாரும் பலகை எதுவும் கொடுத்துவிடவில்லையே?